முடி நடலாமா, வேண்டாமா

இருபத்தாறு வயதில் எனக்கு நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் போனது. பெண் பார்க்கப் போய் இரண்டு வீடுகளில் பஜ்ஜி சாப்பிட்டோம். இரண்டு இடத்திலிருந்தும் ‘பையனுக்கு வயசு கூடத் தெரியுது’ என்றே பதில் வந்தது. மணலி தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவன் ஹெல்மெட்டைக் குற்றம் சொன்னான்.

“அத்த கழட்டிப் போடு மாமு, தானா வளரும்.”

அவன் தலையிலும் அதே ஹெல்மெட்தான். முடியோ புதர். திருவொற்றியூர் வீட்டில் அம்மா, முடி வளர்ந்தால் எனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். வளர்ந்ததை அப்படியே கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டேன். முறைத்தாள்.

இரண்டாயிரத்தின் தொடக்கம் அது. கேபிள் டிவி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, முடி நடும் ஆபரேஷனே செய்துகொள்வது என்று மனதுக்குள் முடிவு செய்து, நுங்கம்பாக்கத்தில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் என் பின்னந்தலையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அங்கிருந்துதான் முடியை எடுத்து முன்னால் நடுவார்களாம். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காதாம்.

“உங்களுக்கு இன்னும் கொட்டி முடியல. இப்ப முன்னால மட்டும் நட்டா, அதுக்குப் பின்னால இருக்கறது கொட்டிடும். நட்டது மட்டும் தனியா நிக்கும்” என்றார். ஒரு வருடம் மருந்து போட்டுவிட்டு, அப்புறம் யோசிக்கச் சொன்னார். பிறகு, “அப்பாவுக்கு எப்படி?” என்று கேட்டார்.

நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த போட்டோதான். அதில் நெற்றியில் வந்து விழும் அளவுக்கு முடி. அதைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட உண்டு.

“நிறைய இருந்துச்சு சார்” என்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள்.

“எங்க நிறைய இருந்துச்சி? உங்க நைனாவுக்கும் நெத்தி ஏறிக்கினேதான் போச்சி. போட்டோ புடிக்கறதுக்காக எண்ணெய தடவி, பின்னால கீற முடிய முன்னால இழுத்து வாரிக்கினாரு. நான்தான் வாரி வுட்டேன்.”

சிரிப்பு மெல்ல நின்றது. என் தலையைத் தடவிப் பார்த்தாள்.

“இருந்திருந்தாருன்னா இப்டித்தான்டா இருந்திருப்பாரு.”

அதுவரை ஊரே என்னை அம்மா ஜாடை என்றுதான் சொல்லியிருந்தது. அவள் கையை எடுக்கும்வரை தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷனைப் பற்றி யோசிக்க டாக்டர் கொடுத்த ஒரு வருடம் எனக்குத் தேவைப்படவில்லை.