கூடப்பிறந்தவள் இருக்க

சேந்தமங்கலம் பக்கத்துச் சேகோ ஆலையில் ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு உரிக்கிற பழனியம்மாள் யார் வம்புக்கும் போகாதவள். புருஷன் குடித்துவிட்டு வந்தாலும் சரி, மருமகள் முறைத்தாலும் சரி, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடுவாள். ஆனால் நர்மதா பேரை மட்டும் எடுக்கக் கூடாது. வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

அந்த நர்மதா என்ன பாவம் செய்தாள்? படுகளத்தில் தங்கை வேஷம் கட்டினாள், அவ்வளவுதான். மாசித் திருவிழாவில் அண்ணன்மார் கதையைப் பாடிப் பாடி உடுக்கை உச்சத்துக்குப் போனதும், அருள் வந்தவர்கள் போரில் மாண்டவர்களாகச் சாய்வார்கள்; அதுதான் படுகளம். தங்கை வேஷம் கட்டியவள் வந்து தீர்த்தம் தெளித்துக் கூப்பிட்டால்தான் உயிர் திரும்பும். எழுப்பியவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, அன்றிலிருந்து தங்கையாகவே நடத்த வேண்டும் என்பது அந்த ஊர் முறை. பழனியம்மாளின் அண்ணன் காளியண்ணன் தவறாமல் விழுகிறவர். முறையோடு நிறுத்தினாரா? தீபாவளிக்கும் நர்மதாவுக்குச் சேலை, பொங்கலுக்கும் சேலை, "எங்க நர்மதா" என்று வாய் நிறையப் பேச்சு வேறு.

"கூடப்பொறந்தவ நானு குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். வேசம் கட்டுனவளுக்குச் சீராக்கும்!" என்று ஆலையில் பொரிந்து தள்ளுவாள்.

இந்த வருஷமும் அண்ணன் விழுந்தார். நர்மதா தீர்த்தம் தெளித்து, "அண்ணா, எந்திரிங்க" என்றாள். மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஊஹூம். பழனியம்மாளுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. நன்றாக வேண்டும் இவளுக்கு!

"நகருங்க, நாங் கூப்புடறேன்" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொம்பைப் பிடுங்கினாள். "அண்ணா, பழனி வந்திருக்கறேனுங்க. கண்ணத் தொறங்க."

தெளித்தாள், உலுக்கினாள். அவர் கை விறைத்துக் கிடந்தது. மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

சேலையாவது, சீராவது! பழனியம்மாள் சொம்பை நர்மதா கையில் திணித்து, அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீயே கூப்புடு சாமி. உனக்குத்தான் எந்திரிப்பாரு. கூப்புடு!"

நர்மதா அழுதுகொண்டே கூப்பிட்டாள். காளியண்ணன் பெருமூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா தங்கம்" என்று நர்மதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பழனியம்மாளை அவர் பார்க்கவே இல்லை.

பழனியம்மாள் ஓவென்று அழுதாள். அண்ணன் பிழைத்ததற்குப் பாதி, நர்மதா குரலுக்குப் பிழைத்ததற்குப் பாதி.

"பாருங்க, கூடப்பொறந்த பாசத்த" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.