அப்பா மனம் மாறவில்லை

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். அட்டைப் படத்தில் அப்பாவின் நெற்றியில் மூன்று திருநீற்றுக் கோடுகளும் நடுவில் குங்குமமும் இருக்கின்றன. அவை அச்சகத்தில் வரையப்பட்டவை. தொழிற்சாலை அடையாள அட்டைக்காக எடுத்த படம் அது. அசல் என்னிடம் இருக்கிறது, அதில் நெற்றி வெறுமையாகத்தான் இருக்கிறது. வரையச் சொன்னவர் சித்தப்பா. "வெறும் நெத்தியோட போட்டா பாக்கறவங்க என்னம்மா நினைப்பாங்க?" என்றார்.

என்னை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னவரும் சித்தப்பாதான். "கடைசியில அண்ணன் மனசு மாறினார் பாரு, அதை மறக்காம எழுதும்மா. அதுதான் முக்கியம்" என்று இரண்டு முறை சொன்னார். மறக்கவில்லை சித்தப்பா. எழுதிய தாள்களை உங்களிடம் காட்டாமல் நேராக அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் இப்போதுதான் படிக்கிறீர்கள்.

அப்பா குடியாத்தத்தில் பிறந்தார். அவருக்கு மூத்தவர் அத்தை, இளையவர் சித்தப்பா. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெங்களூர் வந்து ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். ஜீவனஹள்ளியில் வாடகை வீடு எடுத்தார். ஓய்வு பெறும்வரை அதே தொழிற்சாலை, அதே தெரு. தம்பியைப் படிக்க வைத்தார், அக்காள் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். இரண்டும் கடவுள் புண்ணியத்தில் நடந்ததாக வீட்டில் சொல்வார்கள். அந்த வருடங்களில் கடவுள் இரண்டு ஷிஃப்ட் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமையும் போனார்.

அப்பா நாத்திகர். இதை எழுதக் கூச்சப்பட வேண்டிய குடும்பத்தில் பிறந்திருக்கிறேன். நாத்திகர் என்றால் சாமி படத்தைப் போட்டு உடைப்பவர் என்று உங்களில் பலர் நினைத்தீர்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு பூஜை அலமாரி இருந்தது. அதற்கு ஆணி அடித்தவர் அப்பா. வெள்ளிக்கிழமை தவறாமல் வேலை முடிந்து வரும்போது இரண்டு முழம் மல்லிகை வாங்கி வருவார். "உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லியே, எதுக்கு வாங்கறீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, "அவளுக்கு இருக்குதேம்மா" என்றார்.

சின்ன வயதில் ஏதோ பெரிய அடி பட்டிருக்க வேண்டும், அதனால்தான் கடவுள்மேல் கோபம் என்று துப்பறிந்தவர்களும் உண்டு. "இல்லாதவர் மேல எதுக்குங்க கோபம்? எனக்கு ஃபோர்மேன் மேலயே கோவப்பட நேரமில்லை" என்பார் அப்பா. தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது எங்கள் தெருப் பெண்களும் பிள்ளைகளும் மாரியம்மன் கோயிலுக்குள் ஒடுங்கினோம். அப்பா வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். யாராவது வந்தால் கன்னடத்தில் பேசி அனுப்ப ஓர் ஆள் வேண்டுமே என்பது அவர் யோசனை. கலவரம் அடங்கியதும் ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? உயிர் பயம் வந்ததும் நாத்திகரே கோயிலுக்கு ஓடி வந்துவிட்டாராம்.

பிறகு மல்லேஸ்வரத்தில் ஒரு வீடு பார்த்தோம். அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. வீட்டுக்காரர் பூஜை அறையைத் திறந்து காட்டி, காலையில் எத்தனை மணிக்குப் பூஜை செய்வீர்கள் என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருக்கலாம். அப்பாவோ, "நான் சாமி கும்பிடறதில்லைங்க, வீட்டுக்காரம்மா கும்பிடுவாங்க" என்றார். சாமி பயம் இல்லாதவனுக்கு வேறு என்ன பயம் இருக்கும் என்று வீட்டுக்காரர் நினைத்திருப்பார். வீடு கிடைக்கவில்லை. அன்று பஸ்ஸில் அம்மா அவர் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

சில வருடங்களில் அம்மா சிறுநீரகக் கோளாறில் போய்விட்டார். உடல் கூடத்தில் கிடக்கும்போதே அத்தை அப்பாவைப் பார்த்து, "உன் வாய்தான்டா அவளை முழுங்கிச்சு. நீ சாமியப் பழிச்சதுக்கு அவ போயிட்டா" என்றார். அப்பா, "அவ ஒரு வெள்ளிக்கிழமைகூட விளக்கு ஏத்தாம இருந்ததில்லியே அக்கா" என்று மட்டும் சொன்னார். அத்தைக்கு அதன் பொருள் இன்றுவரை விளங்கியிருக்காது. விளங்கட்டும் என்றுதான் இங்கே அச்சில் போடுகிறேன்.

அப்பா என்னிடம் எதையும் கேட்டுப் பெற்றவர் இல்லை. ஒரே ஒரு முறை கேட்டார். அவருடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், அவரும் நாத்திகர், நினைவு தப்பிக் கிடந்தபோது அவருக்கு மொட்டை போட்டு நேர்த்திக்கடன் கழித்துவிட்டார்கள். பார்த்துவிட்டு வந்த அப்பா சாப்பிடவில்லை. "எனக்கு வாய் பேச முடியாமப் போச்சுன்னா, எனக்குப் பதிலா நீதான் பேசணும். அவ்ளோதான் கேக்கறேன்" என்றார். "சரிப்பா" என்றேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. காது கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். மூன்றாம் நாள் அத்தை வந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அப்பாவின் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார். வலக்கை வராது. இடக்கை டிரிப்ஸ் ஊசியோடு கட்டிலில் கட்டப்பட்டிருந்தது. அவரால் முகத்தைத் திருப்ப மட்டுமே முடிந்தது, திரும்பியதில் திருநீறு கண்ணுக்குள் கொட்டியது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்தது.

"அழுவுறான் பாருடி! இத்தினி வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் அவனுக்குக் கண்ணு தொறந்திருக்குது!" என்று அத்தை வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். சித்தப்பா ஓடிப்போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து குடியாத்தத்துக்குச் சொன்னார். அன்று உண்மையைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான், அந்த வார்டு நர்ஸ். "கண்ணொளகே விபூதி பித்திதெ, யாரு ஹச்சித்து?" என்று கடிந்துகொண்டு, கண்ணுக்குள் யார் இப்படிப் போட்டது என்று எங்களை முறைத்தபடியே தண்ணீர் விட்டுக் கழுவினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய இடம் அது. பேசவில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு ஒரு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நாத்திகர் வீட்டுப் பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் இழுத்தடித்தார்கள். செய்தி கேள்விப்பட்டு மாப்பிள்ளையின் தாயார் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நிஜமாவே மனசு மாறிட்டாராம்மா உங்கப்பா?" என்று கேட்டார். நான், "ஆமாங்க" என்றேன். அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் இன்று என் மாமியார். இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் மகனுக்கு நேற்றே படித்துக் காட்டிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் எப்போது வேண்டுமானாலும் பார்க்க வரலாம் என்பதால், தினமும் காலையில் அவருக்கு நானே திருநீறு பூசினேன். தொடக்கத்தில் இடக்கையால் அழித்துவிடுவார். அதனால் அந்தக் கையை நான் பிடித்துக்கொள்வேன். வலக்கையைப் பிடிக்கத் தேவையில்லை. இப்படித்தான் ஒரு மனிதருக்குப் பக்தி வந்தது. கல்யாணத்தில் சக்கர நாற்காலியில் மூன்று கோடுகளோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நீங்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். முகத்தில் என்ன ஒரு சாந்தம் என்றீர்கள். பக்கவாதத்தில் பாதி முகம் அசையாது.

கல்யாணத்துக்குப் பின் அப்பாவைச் சித்தப்பா வீட்டில் வைத்திருந்தோம். அவர் போவதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு காலையில் தனியாகப் பார்க்கப் போனேன். அன்று நான் திருநீறு எடுத்துப் போகவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்பா" என்று குனிந்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடக்கையைத் தானாகவே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நெற்றியை என் பக்கம் நீட்டினார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

முறைப்படி நன்றி சொல்ல வேண்டும். அப்பாவைத் தூக்கி வைத்துக் குளிப்பாட்டிய சித்திக்கு நன்றி. அந்தச் சேவை உண்மையானது. அப்பாவின் கண்ணைக் கழுவிய நர்ஸுக்கு நன்றி, அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. சடங்குகளைக் குறைவில்லாமல் நடத்திய சித்தப்பாவுக்கும், மனம் மாறிய கதையை வீடு வீடாகச் சொன்ன அத்தைக்கும், அதை ஆவலோடு கேட்டுக்கொண்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. பொய் என்னுடையது, நீங்கள் நம்பினீர்கள், அவ்வளவுதான்.

அப்பா மனம் மாறவில்லை. அவர் சொல்லச் சொன்ன வாக்கியம் இது ஒன்றுதான், இரண்டு வருடம் தாமதமாகச் சொல்கிறேன். அவருக்கு ஏதாவது குறை செய்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றினால் கோயிலில் அவர் பெயருக்கு ஒரு தீபம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். எங்கிருந்தோ அவர் கேட்டுக்கொள்வார் என்று உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. நான் அப்பாவின் மகள். செத்தவர் கேட்க மாட்டார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.