மூடாத கதவுக்கு நாற்பது டன்

மகள் வினிதாவின் கல்யாணம் முடிந்த மறுநாள், தாம்பூலப் பைகளில் மிஞ்சிய தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார் நஞ்சுண்டசாமி. மனைவி ஜோதிமணி அவரிடம் நேற்று முகூர்த்தத்திலிருந்தே பேசவில்லை.

ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து, கட்டிடங்களுக்கு எத்தனை டன் ஏசி வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தே குடும்பத்தை நிலைநிறுத்தியவர். துணிக்கடை, நர்சிங் ஹோம், வங்கி என்று பார்த்தாயிற்று. ஆள் எத்தனை, கண்ணாடி எந்தப் பக்கம், கதவு எத்தனை தரம் திறக்கும் என்று கேட்காமல் கால்குலேட்டரைத் தொடமாட்டார்.

ஜோதிமணியின் தம்பி சந்துரு கல்யாண மண்டபம் கட்டியபோது, அறுபது டன் வேண்டும் என்றார் நஞ்சுண்டசாமி.

"மாமா, நாப்பதுல முடிச்சுக் குடுங்க. சாமுண்டி மலைக் காத்து எதுக்குங்க இருக்குது? நம்ம வினிதா கல்யாணந்தான் அதுல மொதக் கல்யாணம். மண்டபம் மாமன் சீருங்க."

காபியோடு நின்ற ஜோதிமணி, "தம்பி இத்தனை பண்றான். நீங்க அந்த நம்பர்லயே நிக்காதீங்க" என்றாள்.

நம்பர் இறங்க ஒரே வழிதான் இருந்தது. கதவுகள் மூடியே இருக்கும் என்று எழுதினார். நாற்பது வந்தது. கையெழுத்துப் போட்டார். கல்யாணத்தில் யார் கதவை மூடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாததல்ல.

நேற்று வாசலும் திறந்திருந்தது, பந்திக்குப் போகும் கதவும் திறந்திருந்தது. சித்திரை வெயிலோடு ஹோமப் புகையும் சேர்ந்துகொள்ள, நாற்பது டன் ஏசி திணறியது. மாப்பிள்ளையின் அப்பா துண்டால் விசிறிக்கொண்டே நாற்காலியில் சரிந்தார். நஞ்சுண்டசாமி ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினார்.

"பொண்ணைப் பெத்தவரே முகூர்த்த நேரத்துல வாசலைச் சாத்தறாரே!" என்று சம்பந்தியம்மா சத்தம் போட்டாள். ஜோதிமணி வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், கதவை அகலத் திறந்து வைத்தாள்.

பந்தியில் சந்துரு ஒவ்வொரு இலையாக நின்று சொன்னான்: "எங்க மாமா போட்ட கணக்குங்க. சொந்தமாச்சேன்னு நம்பிட்டேன்."

"பொண்ணுக்குப் போட்ட நகையாவது கணக்கு சரிங்களா?" என்று சம்பந்தி வீட்டார் ஒருவர் கேட்க, வரிசையே சிரித்தது.

கடைசிப் பையையும் மடித்து வைத்துவிட்டு நஞ்சுண்டசாமி நிமிர்ந்தார்.

"ஜோதி, குறைக்கச் சொன்னது உன் தம்பின்னு சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. நான் சொன்னா சாக்குன்னுவாங்க. நீதான் பக்கத்துல நின்ன."

"ஏனுங்க, புத்தியோடதான் பேசறீங்களா? புள்ள அங்க போயி ஒரு ராத்திரிதான் ஆச்சு. தாய்மாமன் பொய்க்காரன்னு நானே போன் போடட்டுங்களா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா வந்து நிக்கறவன் அவந்தானே?"

"அப்ப முப்பது வருசம் வேலை பார்த்தவன் கணக்குத் தெரியாதவனாவே இருக்கட்டுமா?"

ஜோதிமணி தேங்காய்க் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.