ராபின் பெயரில் வந்த கேட் பாஸ்

ராபின் இறந்த நாலாம் மாதம் அவன் மனைவி சாராளுக்கு அதே கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செம்புக் கம்பி இழுக்கிற ஆலை அது. அங்கே சரக்கு அனுப்பும் பிரிவில், கம்ப்யூட்டரில் கேட் பாஸ் போடுகிறவனாக ராபின் இருந்தான். 2006 ஏப்ரலில் ஒரு காலை, பக்கத்து ஊரான ஆரணியிலிருந்து மொபெட்டில் வேலைக்குக் கிளம்பியவன் புதுவாயல் கூட்டுரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான்.

சாராள் பத்தாவது படித்தவள். கையெழுத்து தெளிவாக இருக்கும். அதனால் அவளைக் கேட்டில் உட்கார வைத்தார்கள். வெளியே போகும் ஒவ்வொரு வண்டியின் பாஸையும் வாங்கி நோட்டில் எழுத வேண்டும். வண்டியில் ஏறிப் பார்ப்பது வாட்ச்மேன் சடையப்பனின் வேலை. அறுபதை நெருங்கியவர், அவளை மகள் போலப் பார்த்துக்கொண்டவர்.

சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு சீட்டின் அடியில் 'தயாரித்தவர்: ராபின்' என்று அச்சாகியிருந்தது. பழைய சீட்டு போல என்று நினைத்தாள். தேதியைப் பார்த்தாள். அன்றைய தேதி. நேரம் பதினொன்று பத்து.

பெயரை இன்னொரு முறை படித்தாள். ரேஷன் கார்டில் அவன் பெயரை அடித்தாயிற்று. மாதா கோயில் பதிவேட்டில் இறந்தவர்கள் பக்கத்துக்கு மாற்றியாயிற்று. எங்கே பார்த்தாலும் அவன் முடிந்துபோன பேச்சுதான். இந்தச் சீட்டில் மட்டும் இன்றைய தேதியோடு இருந்தான்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு சீட்டு அப்படி வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எண்களை மட்டும் நோட்டில் கொஞ்சம் நிதானமாக எழுதினாள். ஒருநாள் மனம் தாங்காமல் ஏழு வயது மகள் மோனிகாவிடம், "உங்கப்பா பேரு இன்னும் ஆபீஸ்ல வந்துகினுதான் கீது" என்றாள்.

"அப்போ அப்பா ஆபீஸ்லயா கீறாரு?" என்று கேட்டாள் குழந்தை.

சாராள் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அக்டோபரில் சரக்கை எடை போட்டுப் பார்த்தபோது இரண்டு டன் செம்பு குறைந்தது. கேட்டைத் தாண்டாமல் எப்படிப் போகும் என்று சடையப்பனைப் போலீஸ் அழைத்துப்போனது. இரண்டு நாள் அவர் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி கங்கம்மா கேட்டுக்கு வந்து சாராள் முன்னால் நின்றாள்.

"நீ பக்கத்துலயே குந்திகினு கீறவதான? எங்கூட்டுக்காரு திருடனாரா? நீயே சொல்லும்மா."

சாராள் எழுந்தாள். நோட்டையும் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டவன் பழவேற்காட்டுக்காரன் நூர் அகமது.

"சார், செத்துப்பூட்டவரு பேர்ல பாஸ் வருமா?"

"இன்னாக்கா சொல்றீங்க?"

சீட்டைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. கம்ப்யூட்டரில் தேடினான். ராபின் பெயர் அப்படியே உயிரோடு இருந்தது. கடைசியாக அந்தப் பெயரைப் போட்டு யாரோ கம்ப்யூட்டருக்குள் வந்தது முந்தாநாள் மதியம்.

"ராபின் பேரை எடுத்துடுன்னு எங்கிட்ட யாருமே சொல்லலக்கா. நானும் கேக்கல" என்றான் மெல்ல.

சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், கேன்டீன் டோக்கனை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் அறைக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் பாஸ்வேர்டோ அந்தப் பிரிவுக்கே தெரியும். தான் லீவு போட்டால் வண்டிகள் நிற்கக் கூடாதென்று ராபினே காகிதத்தில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்தான். மோனிகாவின் பெயரும் அவள் பிறந்த வருஷமும்.

திருட்டுப் பாஸ் போட்டவன், ராபினுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த கலியன். அந்தச் சீட்டுகள் எல்லாமே அவன் ஷிப்டில் வந்தவை. செம்பை ஏற்றிப்போன லாரி டிரைவரும் அவனைத்தான் காட்டினான். ராபினின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த நாலு பேரில் கலியனும் ஒருவன். அதைக் கேட்டபோதுதான் சாராள் அழுதாள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, முதல் சீட்டு எப்போது வந்தது என்று கேட்டார்.

"ஆகஸ்ட்லயே சார்."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"அவரு பேரு சார்..." மேனேஜர் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிறகு சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்து எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். இனி அவரவர்க்குத் தனிப் பாஸ்வேர்டு, எங்கேயும் எழுதி ஒட்டக் கூடாது. பாஸ் போடுகிறவர் ஒருவர், அதைச் சரிபார்த்து விடுகிறவர் இன்னொருவர். வேலையை விட்டவரோ இறந்தவரோ, அன்றே கம்ப்யூட்டர் அறைக்குத் தகவல் போக வேண்டும். கேட்டில் சந்தேகம் வந்தால் யாரும் பயப்படாமல் சொல்லலாம். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னபோது சாராள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் ராபின் பெயரை மூடும் முன் நூர் அகமது அவளை வரச் சொல்லி அனுப்பினான்.

"பழைய கணக்குல பேரு இருக்கும்க்கா. இனிமே அந்தப் பேர்ல யாரும் உள்ள வரமுடியாது, அவ்ளோதான். உங்ககிட்ட சொல்லிட்டுப் பண்ணலாம்னு..."

நிச்சயமா என்று திரை கேட்டது. அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தலையாட்டினாள். பெயரை மூட ஒரு கணம்கூட ஆகவில்லை.

சடையப்பனைப் போலீஸ் விட்டுவிட்டது. கம்பெனியும் திரும்ப வரச் சொன்னது. அவர் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் சாராள் அவர் வீட்டுக்குப் போனாள். வீங்கியிருந்த வலது காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ முன்னாடியே பார்த்தியாமே?"

"பார்த்தேன் நைனா."

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா."

அவர் காலை மெதுவாக இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வாங்கிவந்த பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாராள் பையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கங்கம்மா அதை வாங்கவும் இல்லை, அவளைப் போ என்று சொல்லவும் இல்லை.