சிவக்காத கண்வலிப்பூ

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அவரோடு நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. எல்லாம் சோறு பரிமாறுவதற்குள் முடிந்துபோன சண்டைகள். ஒன்று மட்டும் முடியாமல் நின்றுவிட்டது. அது ஒரு பூவைப் பற்றிய சண்டை. இதற்கெல்லாமா சண்டை போடுவார்கள் என்று கேட்காதீர்கள். சாம்பாரில் பெருங்காயம் ஜாஸ்தியா கம்மியா என்பதற்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

திருக்கோவிலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். நான் கல்லாவில் உட்கார்ந்து ஆல்பம் ஒட்டுவேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனுஷனுக்கு வீடு தங்காது. வண்டியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் எல்லாம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறிவிடுவார். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு அரசியல், எனக்கு வாய்த்தவருக்குக் காட்டுப்பூ. ரிஷிவந்தியத்தில் கரும்பு நட்டுக்கொண்டிருந்த என் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "பூ பாக்கத்தானே போறாரு, போவட்டும் வுடு" என்று சொல்லிவிட்டார். வண்டியின் பின்னால் உட்கார்ந்து இடுப்பு வலித்தவள் நான்தானே, அவருக்கென்ன.

எல்லாப் பூவையும் அவர் தேட மாட்டார். கூட்டத்தில் மாறி நிற்கிற பூதான் வேண்டும். நீலமாகப் பூத்துக் கிடக்கிற விஷ்ணுகிராந்தி நடுவில் வெள்ளையாக ஒன்று. செக்கச்செவேல் என்று நிற்கிற புரச மரங்களுக்கு நடுவில் மஞ்சளாகப் பூத்த ஒரு புரசு. "அதே மண்ணு, அதே மழ, அதே வித. இது மட்டும் இன்னாத்துக்கு வேற மாதிரி வந்துச்சு?" என்று என்னைக் கேட்பார். எனக்கென்ன தெரியும்? "உங்க வூட்டுல உங்கள மாதிரி ஒண்ணு வரல? அப்படித்தான்" என்பேன்.

செடிக்குப் படித்தவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது, ஊர்க்காரர்கள் கூப்பிடுகிற பேர் ஒன்று இருக்கிறது, கூட்டத்தில் மாறிப்போன இந்த ஒற்றைப் பூவைத் தனியாகக் கூப்பிட யாரும் பேர் வைக்கவில்லையே என்பது அவருடைய குறை. அதனால் அவரே வைப்பார். "ரெஜிஸ்டர் பேரு அவங்க வெச்சிக்கட்டும். வூட்டுப் பேரு நாம வெப்போம்." வெளிறிப்போய்ப் பூத்த ஒரு ஊதாப் பூவுக்கு 'பால் ஜாஸ்தி'. காம்பு தொங்கிப் பூத்த ஒன்றுக்கு 'மத்தியான பாய்'. எங்கள் கடைக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த பாய், மத்தியானத்தில் துணி மடித்துக்கொண்டே தூங்கி வழிவார். பேரைக் கேட்டு அவருக்குக் கோபம் வரவில்லை. அந்தப் போட்டோவைக் கேட்டு வாங்கிக் கடையில் மாட்டிவிட்டார்.

பேர் வைப்பதற்கு ஒரு சட்டமும் போட்டு வைத்திருந்தார். மொட்டு விட்டதிலிருந்து வாடி விழும்வரை ஒரு பூவைப் பார்க்காமல் பேர் வைக்கக் கூடாது. பூ நிறம் மாறும், ஏமாற்றும் என்பார். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை அவரே மீறினார். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

ஐப்பசி மாதம். மழை விட்டிருந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டின் ஓரம், வேலி முழுக்கக் கண்வலிக்கொடி ஏறியிருந்தது. செங்காந்தள் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் பக்கம் கண்வலிப்பூ. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் வலிக்கும் என்று சின்ன வயசில் பயமுறுத்துவார்கள். இலையின் நுனி சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஏறும் கொடி. பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். அப்புறம் இதழ் ஒவ்வொன்றும் மேலே வளைந்து, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, வாடுவதற்குள் முழுக்கச் சிவந்துவிடும். மலைக்காரர்களுக்கு இது தெரியும். சமவெளியிலிருந்து போகிறவர்கள்தான் இளம்பூவைப் பார்த்துவிட்டு, ஐயோ மஞ்சள் பூ என்று குதிப்பார்கள்.

நான் வேலியின் ஒரு முனையில் முந்தானையில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் மறுமுனையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பேரில், அந்த மலை முழுக்கக் கேட்கிற மாதிரி.

அது என் அம்மா அப்பா வைத்த பேர் இல்லை. ரேஷன் கார்டில் இருக்கிற பேரும் இல்லை. கல்யாணமான புதிதில் அவராக வைத்தது. அவரைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, கூப்பிட நான் விட்டதும் இல்லை. அதை இங்கேயும் எழுத மாட்டேன். உங்களுக்கு எதுக்கு அது?

"ஏங்க, மானத்த வாங்காதீங்க, யாராச்சும் கேக்கப் போறாங்க" என்று ஓடினேன்.

"உன்ன இல்ல" என்றார். "இதக் கூப்புட்டேன்."

ஒரு கொடி. அதில் ஒரே ஒரு பூ. மேலே எல்லாம் மொட்டு. இதழ்கள் மேலே வளைந்து நின்றன, அடியிலிருந்து நுனிவரை மஞ்சள், மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை. அழகாகத்தான் இருந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இது நேத்து பூத்த பூவுங்க. நாளைக்கு செவந்துடும்."

"செவக்காது. இவ்ளோ வளைஞ்சப்புறம் மத்ததெல்லாம் பாதி செவந்துருக்குது பாரு."

"உங்க சட்டம் இன்னா ஆச்சு? வாடுற வரைக்கும் பாத்தீங்களா? பேரு வெச்சிட்டீங்க?"

"உன்னப் பாத்தப்பகூட வாடுற வரைக்கும் பாத்தா வெச்சேன்?"

பேச்சைப் பாருங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. போகப் போகச் சிவந்துவிடுகிற பூவுக்கு என் பேரை வைத்தால் நாளைக்கு என் கதி என்ன? "செவந்துச்சுன்னா என் பேர திருப்பிக் குடுத்துடணும்" என்றேன். "செவக்கலன்னா?" என்றார். "நான் தோத்தேன்னு உங்க கடை வாசல்ல நின்னு சொல்றேன்" என்றேன். அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பதாகப் பேச்சு.

அடுத்த ஞாயிறு மணலூர்பேட்டையில் ஒரு கல்யாண ஆர்டர். அதற்கடுத்த வாரம் போனோம். கொடி இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. கண்வலிக்கிழங்கை விற்பதற்காகத் தோண்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. யார் தோண்டினார்களோ, அந்த வரிசையில் கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்திருந்தார்கள். அவர் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்த கிழங்கு அது. ஒரு முனை ஒடிந்து மண்ணில் தங்கினாலும் முளைத்துவிடும் என்றார். "ஆனா பூ வைக்க நாளாவும். இரு, வரும். உன் பேருல்ல, பிடிவாதமாத்தான் வரும்."

எடுத்த போட்டோவைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோவில் மாட்டினார். அதைக் காட்டி, "பாத்தியா, மஞ்ச" என்பார். "போட்டோல எந்தப் பூவுங்க செவக்கும்?" என்பேன். இப்படியே எங்களுக்குள் அது ஒரு பழக்கமாகிவிட்டது. மறுவருஷம் ஐப்பசி வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். மாரடைப்பு. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார்.

அப்புறம் என்ன சொல்ல. எல்லாரும் எனக்குப் புதுப்பேர் வைத்தார்கள். ஸ்டுடியோக்காரர் சம்சாரம் என்றார்கள், அப்புறம் ஜெராக்ஸ் அக்கா என்றார்கள். கடையை ஜெராக்ஸ் கடையாக மாற்றிவிட்டேன், பாஸ்போர்ட் சைஸ் மட்டும் எடுக்கிறேன். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பேரை ஒருதரமாவது யாராவது கூப்பிட மாட்டார்களா என்று உள்ளுக்குள் கிடந்து அடித்துக்கொள்ளும். நானாகக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். தன் பேரைத் தானே கூப்பிடுவதுபோல அசிங்கம் வேறு எதுவும் இல்லை. நிறுத்திவிட்டேன்.

வருஷா வருஷம் ஐப்பசியில் பஸ் பிடித்து மலைக்குப் போகிறேன். எதற்கு என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: தோற்பதற்கு. அந்தப் பூ சிவக்காத பூ என்று ஆகிவிட்டால், அவர் என் பேரை வைத்தது சரியான பூவுக்கு. சிவந்துவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் பார்த்தது ஏதோ ஒரு சாதாரண இளம்பூ, அதற்குமேல் ஒன்றுமில்லை. வாழ்க்கையில் வேறு எந்தச் சண்டையிலும் இப்படித் தோற்க ஆசைப்பட்டதில்லை.

மரவள்ளிக் காட்டுக்காரப் பொம்பளை எனக்குப் பழக்கமாகிவிட்டாள். முதல் வருஷம் கிழங்கு தோண்ட வந்தவள் என்று நினைத்து என்னை விரட்டினாள். இப்போது பார்த்ததும் டீ வைக்கிறாள். அவளும் அவள் புருஷனும் சேர்ந்து அந்த நிலத்தைப் பார்க்கிறார்கள். வருஷா வருஷம் வேலியில் பூ இருக்கும். இளம்பூ மஞ்சளாக, முற்றிய பூ சிவப்பாக. பார்ப்பேன், டீ குடிப்பேன், கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து அழுவேன்.

போன ஐப்பசியிலும் அப்படித்தான் போனேன். பழைய குழி இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வேலியின் உட்பக்கம் ஒரு கொடி ஏறியிருந்தது. கண்வலிக்கொடியில் கீழே இருக்கிற பூ முதலில் பூத்து முதலில் வாடும், மேலே இருப்பது கடைசி. இந்தக் கொடியில் மேலே மொட்டு, அதற்குக் கீழே இன்றைக்கு விரிந்த பூ, மஞ்சள். அதற்குக் கீழே நன்றாக வளைந்த பூ, மஞ்சள். அதற்கும் கீழே, காய் பிடித்து இதழ் சுருங்கிப்போன பூ. பக்கத்துக் கொடியில் அந்த வயசுப் பூவெல்லாம் ரத்தமாகச் சிவந்து கிடந்தது. இது வாடிப்போயும் மஞ்சள்.

அடக் கடவுளே. தோத்துட்டேன். தோத்துட்டேங்க. வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. சத்தம் கேட்டு அந்தப் பொம்பளை ஓடிவந்தாள்.

"இன்னாக்கா? பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?"

காட்டினேன். அவள் குனிந்து ஒவ்வொரு பூவாகப் பார்த்தாள். "ஆமாக்கா, இது செவக்கவே இல்ல" என்றாள். அப்புறம் அவளுக்குப் பதற்றம் வந்துவிட்டது. "அய்யய்யோ, எங்க வூட்டுக்காரரு வேலிய வெட்டிக்கினு வர்றாருக்கா. கண்வலிக்கொடிய வெட்டாதன்னு சொன்னா எந்தக் கொடியம்பாரு. இதுக்குன்னு பேரு எதுனா இருக்குதா?"

இருந்தது, இத்தனை வருஷம் நான் பூட்டி வைத்தது. கீழே அரிவாள் சத்தம் வேலியோரமாக ஏறி வந்துகொண்டிருந்தது. பேர் இல்லாத கொடியென்றால் அதையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள் என்று தோன்றியது. அவள் காதோடு சொன்னேன்.

அவள் கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினாள். மஞ்சக் கொடி ஒன்று இருக்கிறது, அதன் பேர் இது, அதன்மேல் அரிவாள் படக் கூடாது என்று. அரிவாள் சத்தம் நின்றது. மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. கொடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடிக்கொண்டு, அந்த ஆள் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு ஆம்பளைக் குரலில், மலை முழுக்கக் கேட்கிற மாதிரி.

"இன்னாங்க?" என்றேன்.