ஒரு கும்பலின் வாளியில் மட்டும்

ரப்பர் பாலின் கெட்டியை அளக்கும் கண்ணாடி மிதவை ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. அதில் பதினான்கு கோடுகள்; மேலிருந்து மூன்றாவது தேய்ந்துவிட்டது. மலாயாவில், பாலோவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நாளிலிருந்து அது என்னோடு இருக்கிறது. அங்கே ஐந்து கங்காணிகள், அவர்களுக்குக் கீழே பால் வெட்டும் ஐந்து கும்பல்கள். கங்காணிகளில் மூத்தவர் மட்டும் மாலையில் என் வீட்டுக்கு வருவார். தரையில் கரியால் கட்டம் போட்டு ஆடு புலி ஆடுவோம். அவரைவிட்டால் என்னோடு உட்கார்ந்து பேச அந்தத் தோட்டத்தில் வேறு ஆளில்லை.

ஒரு காலையில் அவர் ஓடையில் வாளி கழுவுவதைப் பார்த்தேன். அளவைக் கூட்டிக் காட்டப் பாலில் தண்ணீர் கலக்கிறார் என்ற சந்தேகம் அப்போது விழுந்தது. மறுநாள் முதல் அவருடைய ஆட்களின் வாளிகளில் மட்டும் மிதவையை விட்டேன். பால் நீர்த்திருந்தால் குறித்துக்கொண்டேன். கெட்டியாக இருந்தால், நான் சோதிப்பது தெரிந்து இன்று பயந்துவிட்டார்கள் என்று எழுதி, அதையும் அவர் கணக்கிலேயே சேர்த்தேன். மொத்தம் இருபத்து மூன்று குறிப்புகள்.

"எங்க வாளி மேல மட்டும் என்னாங்கய்யா இவ்வளவு ஆசை? மத்த கும்பல்லயும் ஒருக்கா முக்கிப் பாருங்களேன்" என்றார் ஒரு நாள், வெற்றிலையை மென்றபடி.

"அவங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல, கங்காணி."

"சந்தேகம் இருக்கிற எடத்துலதான் தண்ணி ஊறுமாக்கும்" என்று சிரித்தார். அன்று மாலையும் ஆட வந்தார். பாதி ஆட்டத்தில், தலைவலி என்று சொல்லி எழுந்துவிட்டேன். மறுநாள் குறிப்புகளைத் தோட்டத் துரையிடம் கொடுத்தேன். அந்த வாரமே அவரை வேலையைவிட்டு நீக்கி, அவருடைய ஆட்களை மற்ற கும்பல்களில் பிரித்துச் சேர்த்தார்கள்.

தபால் எடுக்கப் போன இடத்தில், பாலோ ரயிலடியில், மூட்டையோடு நின்றிருந்தார். கோபமில்லாமல், "ஆட்டம் பாதியில நிக்குதுங்கய்யா. உங்க முறைதான்" என்றார். நான் தபால் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வாரம் சோதிக்க அவருடைய வாளி இல்லாததால், மற்ற நான்கு கும்பல்களின் வாளிகளிலும் மிதவையை விட்டேன். மழைக்காலம். மரத்தில் வழிந்த நீர், பால் பிடிக்கும் எல்லார் சிரட்டையிலும் இறங்கியிருந்தது. அவர் வாளியில் நீர்த்ததென்று நான் குறித்த நாட்களில் நின்ற அதே மூன்றாவது கோட்டில்தான் நான்கிலும் மிதவை நின்றது. துரையிடம் போய்ச் சொல்ல அவர் அலுவலக வாசல்வரை நடந்தேன், நூற்றுப் பன்னிரண்டு அடி. திரும்பி வந்துவிட்டேன். கங்காணி எந்த ஊருக்குப் போனார் என்று விசாரிக்கவும் இல்லை. அதன்பிறகு மாலையில் யாரும் வரவில்லை. கரிக்கட்டத்தை நானே கழுவினேன்.

இன்றும் அந்த மூன்றாவது கோட்டில் விரல் வைத்துப் பார்க்கிறேன். புலிகள் மூன்றும் ஆடுகள் பதினொன்றும் எங்கெங்கே நின்றன என்பது மறக்கவில்லை. நகர்த்த வேண்டியவன் நான்தான். எதிரே ஆளில்லை.