வலது பக்க ஸ்பீக்கர்

இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி செல்வி. மகள் பிரியா – வேலப்பன்சாவடி பக்கம் காலேஜில் இரண்டாம் வருஷம். சேகர் – என்னோடு, தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. பாண்டியன் – அதே ஷாப், அதே ஷிப்ட். மேல் போர்ஷனில் குடியிருக்கும் கௌதம் – கோயமுத்தூர்ப் பையன், ஐ.டி. கம்பெனி. அப்புறம் நான்.

இடம், அம்பத்தூரில் எங்கள் வீட்டு ஹால். பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிய நேரம்.

நானே செய்த சரவுண்ட் சவுண்டில் அன்றைக்கு முதல் படம் போட்டோம். பத்து நிமிஷம்தான் ஓடியது. அதற்குள் ஒரு விஷயம் வெளியே வந்துவிட்டது. அது கம்பெனிக்குத் தெரிந்தால் எனக்கும் சேகருக்கும் பாண்டியனுக்கும் மெஷினில் இடம் இருக்காது.

வழக்கமாக இந்தப் பத்தியில் நான் கொஞ்சமாகத்தான் எழுதுவேன். இந்த வாரம் கொஞ்சம் கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எதற்கு சரவுண்ட் சவுண்ட்?

மூன்று மாதம் முன்னால் மிக்ஸி ஜார் மாற்ற ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். உள்ளே ஒரு கண்ணாடி ரூம். சோபாவில் ஒருவருக்குப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் தலையை நீட்டினோம்.

பிரியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். "அப்பா... மழை பின்னாடி பெய்யுது."

நானும் தலையாட்டினேன்.

அங்கே வேலை செய்யும் பையன் வந்தான். என் நீலச் சட்டையைப் பார்த்தான். கம்பெனிச் சட்டை.

"ரூம் சைஸ் என்ன சார்?"

சொன்னேன்.

"உங்களுக்கு சவுண்ட்பாரே போதும் சார். சின்ன ரூமுக்கு இதெல்லாம் செட் ஆகாது."

"சவுண்ட்பார்ல பின்னால இருந்து சத்தம் வருமா?"

"அந்த மாதிரி ஒரு ஃபீல் வரும் சார்."

சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். மரியாதையாகத்தான் சாத்தினான்.

ஃபீல் எனக்கு வேண்டாம். சத்தம் வேண்டும். என் ஹாலில், என் நாற்காலிக்குப் பின்னால், மழை பெய்ய வேண்டும். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

செல்வி பத்தாயிரம் ஒதுக்கினாள். "அதுக்கு மேல ஒத்த ரூபா கேட்டா, அந்தப் பொட்டியிலயே நீ படுத்துக்க" என்றாள். கேட்கவில்லை.

ஆம்ப்ளிஃபயர் ரிச்சி தெருவில் செகண்ட் ஹாண்ட். நான்கு கால்களில் ஒன்று இல்லை. ஒரு ரப்பர் புஷ்ஷை வைத்து நிமிர்த்தினேன். ஆவடியில் பழைய கார் உடைக்கிற இடத்தில் கதவு ஸ்பீக்கர் ஐந்து எடுத்தேன். ஒரே வண்டியில் எடுத்தவை இல்லை, முகம் ஒவ்வொன்றும் வேறு. பிளைவுட் துண்டில் ஐந்து பெட்டி. அடிச் சத்தத்துக்கான ஊஃபர், பாண்டியன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்தது.

சுவரில் ஓட்டை போடக்கூடாது என்றார் வீட்டுக்காரர். சரி. எடைக்கு வாங்கிய தகட்டில் கொக்கி வளைத்து, பின்னால் இருக்கிற இரண்டு ஸ்பீக்கரையும் லாஃப்ட் விளிம்பில் மாட்டினேன். தகட்டை வளைக்க எனக்கு எவனும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கௌதம் வந்து பார்த்தார். "அண்ணா, இது நாலு ஓம் ஸ்பீக்கருங்க. ஆம்ப் சூடாயிருமுங்க."

மேலே ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் வைத்தேன். சூடாகவில்லை.

சேகர் தினமும் வாசலில் நின்று ஒரு வார்த்தை விடாமல் போக மாட்டான். "இன்னா அண்ணாத்தே, தியேட்டர் எப்போ தொறக்கற? பார்க்கிங் எங்க?"

"உன் வண்டிய உன் ஊட்லயே போட்டுட்டு நடந்து வா."

கடைசி வேலை, சத்தத்தைச் சமன் செய்வது. அந்த ஆம்பில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். நடு நாற்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டை வைத்து, எல்லாம் ஒரே அளவு கேட்கும் வரை ஏற்றி இறக்க வேண்டும். வலது பக்கம் இரண்டும் மெலிவாக இருந்தன. பழைய ஸ்பீக்கர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். இடது பக்கம் சைபர், வலது பக்கம் பத்து வரை போனது.

என் காதை மட்டும் நம்பவில்லை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து சேகரையும் பாண்டியனையும் கூட்டி வந்தேன். ஒவ்வொருவராக நடு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கண்ணை மூடிக் கேட்டார்கள்.

"கரெக்டா கீது மாமே" என்றான் சேகர்.

பாண்டியன் எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டான். அவனே சொன்னான்: "தராசு மாதிரி நிக்குது."

மூன்று பேர் பார்த்துச் சரி என்றால் எங்கள் ஷாப்பில் பீஸ் பாஸ். அதற்கு மேல் கேள்வி இல்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை.

படம் ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் பிரியா வலது காதைப் பொத்திக்கொண்டாள். செல்வி தன் நாற்காலியை இடது பக்கம் நகர்த்தினாள். நான் பார்த்தேன். ஃபேன் காற்றுக்காக என்று நினைத்தேன்.

கௌதம்தான் மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணா... தப்பா நினைக்காதீங்க. ரைட் சைடு ரொம்ப ஜாஸ்தியா இருக்குதுங்க."

"இல்லையே."

"சரியாத்தான் கீது தம்பி" என்றான் சேகர். "நாங்க மூணு பேரும் செக் பண்ணோம்."

"ஏசியிலயே குந்திகினு இருந்து தம்பிக்குக் காது வீணா பூட்ச்சி" என்றான் பாண்டியன்.

எல்லோரும் சிரித்தோம். கௌதமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மொபைலில் எதையோ திறந்தார். சத்தத்தை அளக்கிற ஆப். அதை நடு நாற்காலியில் வைத்தார். இடது பக்க 'உஸ்ஸ்'க்கு முள் பாதிக்குக் கீழேயே நின்றது. வலது பக்கத்துக்கு எகிறிப் போய் சிவப்பைத் தொட்டது.

"ஃபோனுக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

பிரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா. உன் இடது காதை மட்டும் பொத்து."

பொத்தினேன்.

டி.வி.யில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சத்தம், மூன்று தெரு தள்ளி யாரோ பேசுவது போல. வார்த்தை ஒன்றும் தேறவில்லை.

கையை எடுத்தேன். சேகர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் இடது காதைப் பொத்தினான். அப்புறம் பாண்டியன். நரைத்த தலையோடு மூன்று ஆண்கள், வரிசையாக, இடது காதில் கையை வைத்துக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை.

காரணம் எங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.

எங்கள் ஷாப்பில் ஏழு பிரஸ் ஒரே வரிசை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். வலது கோடியில் பெரியது – இருநூற்றைம்பது டன். அது தகட்டில் இறங்கும்போது டீ கிளாஸ் நடுங்கும். எங்கள் மூன்று பேரின் மெஷினும் அதற்கு அடுத்து. இருபத்திரண்டு வருஷமாக அதற்கு வலது காதைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

காதுக்கு அடைப்பான் கொடுத்தார்களா என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். பெட்டி அலமாரியில் இருக்கிறது. நாங்கள் போடவில்லை. பிரஸ்காரன் கண்ணால் வேலை செய்வதில்லை. அச்சு மழுங்கினால், தகடு சரியாக உட்காராவிட்டால், சத்தம் மாறும். அதைக் காதில் வாங்கினால் விரல் தப்பும். காதைக் காப்பாற்றினால் விரல் போகும் என்று நினைத்தோம். அந்தத் தப்பு எங்களுடையது. பெரிய பிரஸ்ஸை எங்கள் காதோரம் நிறுத்தி வைத்தது எங்களுடைய தப்பு இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை காது டெஸ்டும் நடக்கும். ஹெட்போன் மாட்டுவார்கள். 'கூ' என்று கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். எப்படிப் பாஸ் செய்தோம்? டெஸ்ட் செய்பவர் பட்டனை அழுத்தும்போது அவர் தோள் லேசாக அசையும். நாங்கள் தோளைப் பார்த்து விரலைத் தூக்கினோம். மூன்று பேரும் இதையே செய்திருக்கிறோம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. இத்தனை வருஷம் ஒருவருக்கொருவர் சொன்னதில்லை.

செல்வி டி.வி.யை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும்யா" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"நாலு வருஷமா ரோட்ல உன் எடது பக்கமாத்தான் நடந்துகினு கீறேன். வலது பக்கம் நின்னு சொன்னா 'ஆங், ஆங்'னு தலைய ஆட்டுவ. சொன்னதுல ஒண்ணையும் வாங்கிகினு வர மாட்ட."

தலையாட்டியது ஞாபகம் வந்தது. ஷோரூம் வாசலில் ஆட்டியதும். அன்றைக்கு மழை எனக்குப் பின்னால் பெய்யவே இல்லை.

பாண்டியன் எழுந்து கதவைச் சாத்தினான். "மாமே, இது இந்த ஊட்ட வுட்டு வெளிய போவக் கூடாது. தெரிஞ்சா பேக்கிங்ல போட்ருவானுங்க. அட்டப் பொட்டிய மடிச்சிகினு குந்திகினு இருக்கணும். பிரஸ் அலவன்ஸும் பூடும்."

பிரியா கேட்டாள்: "அப்போ மீதிக் காதும் போற வரைக்கும் தோளையே பாத்துட்டு இருப்பீங்களா?"



நான்கு நாள் யோசித்தேன். அந்த நான்கு நாளும் ஷாப்பில் வலது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதற்கு முன்னால் அந்தப் பெரிய பிரஸ்ஸை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. ஐந்தாம் நாள் டீ நேரத்தில் இரண்டு பேரிடமும் சொன்னேன். "இத்த என் பத்தியில எழுதப் போறேன்."

"எழுது" என்றான் சேகர். "என் பேரப் போடு. இனிஷியலும் சேத்துப் போடு."

பாண்டியன் டீயை முடித்தான். கிளாஸைக் கழுவி வைத்தான். மெஷினுக்குப் போய்விட்டான். ஷிப்ட் முடிந்து கேட் தாண்டும்போது என் இடது பக்கமாக வந்தான்.

"எம் பேர்ல மூணு சுழி 'ண'. தப்பா போட்டுடாத."

போட்டுவிட்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர். டீ நேரத்தில் சத்தமாக வாசித்தும் காட்டுவார். இந்த வாரமும் வாசிக்கட்டும். எங்களுக்கு இடது பக்கம் நின்று வாசிக்கட்டும்.

சார், அடுத்த டெஸ்டில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவோம். கேட்டால்தான் விரல் எழும். காதில் அடைப்பான் போடுகிறோம், இன்றிலிருந்தே. பதிலுக்கு அந்தப் பெரிய பிரஸ்ஸைச் சுற்றி ஒரு கூண்டு அடியுங்கள். தகடு நம்மிடமே இருக்கிறது. வளைக்க நாங்கள் இருக்கிறோம். அட்டைப் பெட்டி மடிக்க அனுப்பினால்... போக மாட்டோம். வாசலில் நிற்போம். இருபத்திரண்டு வருஷம் நின்ற கால், இன்னும் நிற்கும்.

சவுண்ட் சிஸ்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

கௌதம் மொபைலை வைத்து எல்லா ஸ்பீக்கரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். செல்விக்கும் பிரியாவுக்கும் பிரமாதம். எனக்கு எல்லாச் சத்தமும் இடது பக்கமே வந்தது. விடவில்லை. நாற்காலியைத் தூக்கி வலது சுவரை ஒட்டிப் போட்டேன். சேகர் நாற்காலியை எனக்குப் பின்னால். பாண்டியன் அவனுக்குப் பின்னால். பிரஸ் ஷாப் போலவே, வலது காதைக் காட்டி ஒரு வரிசை. வலது ஸ்பீக்கர்கள் இப்போது எங்கள் காதோரம். பெரிய ரூமாக இருந்தால் இது முடியாது. சின்ன ரூமுக்குச் செட் ஆகாது என்றானே அந்தத் தம்பி – அவனைக் கூட்டி வந்து உட்கார வைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அதே படம். மழை வந்தது. முன்னால் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம்.

அப்புறம் பின்னால். வலது தோளுக்கு மேலே.

நான் திரும்பிப் பார்த்தேன். சேகரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹாலில் அன்றைக்கும் அதே ஆறு பேர்.

நல்ல காது, ஒன்பது.